கயிறு கைமாறும் முன்... வண்டிக் குதிரை வாங்கப் போகிறீர்களா?

மதுரையில் ஆவணி மூலத் திருவிழா வந்தால் நரியைப் பரியாக்கிய லீலையும் வரும். குதிரை வாங்க அரசன் கொடுத்த பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார் மாணிக்கவாசகர். அவரைக் காப்பாற்ற சிவபெருமானே குதிரை வியாபாரியாக வந்து, நரிகளைக் குதிரைகளாக்கிப் பாண்டியனிடம் ஒப்படைத்த கதை. பகலில் பார்த்த அரசனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ராத்திரி லாயத்தில் அத்தனையும் பழையபடி நரிகளாகி ஊளையிட்டன!

அந்தக் கதையில் வியாபாரி ஒரு காரியம் செய்வார். குதிரைகளைக் கயிறு மாற்றிக் கொடுப்பார். கயிறு வாங்குபவர் கைக்குப் போய்விட்டால், அதன் பிறகு வரும் நன்மை தீமை எதற்கும் விற்றவர் பொறுப்பில்லை. சந்தைகளில் இன்றைக்கும் அதுதான் வழக்கம். ஆகவே, பார்க்க வேண்டியதையெல்லாம் கயிறு கைமாறுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இந்தக் காலத்தில் யார் குதிரை வண்டி வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். பழநிக்குப் போனவர்களுக்கு அடிவாரம்வரை கொண்டுபோய் விடும் குதிரை வண்டிகளைத் தெரியும். கல்யாண ஊர்வலத்துக்கு சாரட் வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். தென் மாவட்டங்களில் பந்தயத்துக்கென்றே குதிரை வளர்ப்பவர்கள் தனி ரகம். இவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. நமக்கே அவர்கள் பாடம் எடுப்பார்கள். இது இன்னொரு ரகத்தினருக்கு. ஊரில் கொஞ்சம் தோட்டம், பேரப்பிள்ளைகளை வைத்து ஓட்ட ஒரு சின்ன வண்டி, அதற்கு ஒரு மட்டக் குதிரை என்று ஆசைப்படுபவர்களுக்கு. செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, வெள்ளை வெளேரென்று இருக்கிற குதிரைக்கு முன்பணம் அனுப்பிவிடுபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

முதுகில் ஏற்றும், வண்டியில் பூட்டலாமா?

சவாரி செய்யப் பழகிய குதிரை வண்டியும் இழுக்கும் என்று நினைப்பதுதான் முதல் ஆபத்து.

குதிரை ஓடிப் பிழைக்கிற பிராணி. பயந்தால் முதலில் ஓட்டம், அப்புறம்தான் யோசனை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அந்தத் தெரியாத இடத்தில் கடகடவென்று சத்தம் போடுகிற ஒன்றைக் கட்டிவிட்டு, ‘பயப்படாமல் நட’ என்கிறோம். ஓடினால் அதுவும் துரத்திக்கொண்டு வருகிறது. இன்னும் வேகமாக ஓடினால் இன்னும் பெரிய சத்தம். பழகாத குதிரைக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது.

முதுகிலிருந்து ஆள் விழுந்தால் குதிரை தனியாக ஓடும். வண்டிக் குதிரை மிரண்டால் பின்னால் பிள்ளைகளோடு வண்டியும் போகும். அதனால்தான் வண்டிக் குதிரையில் நாம் பணம் கொடுப்பது அழகுக்கோ உயரத்துக்கோ அல்ல, பழக்கத்துக்கு. பழக்கம் போட்டோவில் தெரியாது.

ஒழுங்காகப் பழக்கப்பட்ட குதிரை படிப்படியாக வந்திருக்கும். முதலில் நீண்ட வார் பிடித்து ஆள் பின்னால் நடந்து திருப்பப் பழக்குவார்கள். பிறகு டயரோ கட்டையோ இழுக்கவிட்டு, பின்னால் வரும் சத்தத்துக்குப் பழக்குவார்கள். அதன் பிறகு காலி வண்டி, கடைசியில் ஆள் ஏறிய வண்டி. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். “போன வாரம்தான் பூட்டினோம், அருமையா இழுக்குது” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அது பழகிய குதிரை இல்லை. பழகத் தொடங்கியிருக்கிற குதிரை. முதல் சில நாள் திகைப்பில் அடங்கிப் போய்விட்டு, பிறகு ஒருநாள் உதைத்துத் தள்ளுகிற குதிரைகள் உண்டு.

அந்தியூரில் ஆடும் குதிரை

தமிழ்நாட்டில் குதிரை என்றாலே அந்தியூர். ஈரோடு மாவட்டம், அந்தியூர் அருகே புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயிலில் ஆடி மாதத் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரை, மாட்டுச் சந்தை. திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடப்பதாகச் சொல்வார்கள். குஜராத்தின் கத்தியவார், ராஜஸ்தானின் மார்வாரி, ரோஜா நிறத் தோலும் வெள்ளை முடியுமாக நுக்ரா, நம் நாட்டு மட்டங்கள் என்று எல்லாம் வரும். கத்தியவாரும் மார்வாரியும் அடையாளம் காண எளிது. காதுகளின் நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நிற்கும்.

பார்க்க ஒரு நாள் போதாது. குடும்பத்தோடு போய்வரலாம். மேளத்துக்குக் கால் மாற்றி ஆடும் குதிரைகள், கட்டில்மேல் ஏறி நிற்கும் குதிரைகளைப் பார்த்துப் பிள்ளைகள் வாய்பிளப்பார்கள். ஆனால், ஆடுகிற குதிரை வேறு, வண்டிக் குதிரை வேறு. இருக்கிற இடத்திலேயே துள்ளக் கற்றுக்கொடுத்த குதிரைக்கு, டீக்கடை வாசலில் பத்து நிமிஷம் அசையாமல் நிற்பதைப்போலக் கஷ்டமான வேலை வேறில்லை.

சந்தைக்குப் போய்ப் பாருங்கள், ஆட்களோடு பேசுங்கள், எந்த ஊரில் யார் வண்டிக் குதிரை வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். முதல் குதிரையைச் சந்தையில் வாங்காமல், தினமும் வண்டியில் பூட்டி ஓட்டுகிற ஒருவரிடம் அவர் ஊருக்கே போய் வாங்குங்கள் என்பது என் கட்சி. கூட்டத்தில் குதிரையை ஓட்டிக் காட்டவும் இடமிருக்காது, யோசிக்க உங்களுக்கும் நேரமிருக்காது.

சுழி பார்ப்பதா? நம்பிக்கை உள்ளவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும். முகத்திலும் நாலு காலிலும் வெள்ளை இருந்தால் பஞ்சகல்யாணி என்று கூடுதல் விலை சொல்வார்கள். மனசுக்குப் பிடித்தால் கொடுக்கட்டும். லாரி ஹாரன் அடிக்கும்போது சுழி வந்து கடிவாளத்தைப் பிடிக்காது, அவ்வளவுதான்.

வெள்ளை முடி சொல்லும் கதை

முதலில் வாய். குதிரைக்கு இரண்டரை வயதில் நடுப் பற்கள் இரண்டும் விழுந்து முளைக்கும். மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் ஓரத்து ஜோடி. 5 வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்கு மேல் பல்லின் தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். சுமார் 10 வயதில் மேல்வரிசை ஓரப் பல்லில், ஈறை ஒட்டி ஒரு பள்ளக் கோடு தோன்றும். 15 வயதில் பாதிப் பல்வரை இறங்கும். 20 வயதில் அடிவரை வந்துவிடும். கிழட்டுக் குதிரையின் பல்லைக் குடைந்து கறுப்புக் குழி போட்டு இளசு என்று விற்பது குதிரை வியாபாரத்தின் பழைய தந்திரம். அந்தக் கோட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஏமாற மாட்டோம்.

வயது அதிகமென்று முகம் சுளிக்கவும் வேண்டாம். முதன்முதலாக வண்டி ஓட்டப்போகிற குடும்பத்துக்கு 8 முதல் 15 வயதுக்குள் இருக்கிற, நாலு ஊர் ரோடு பார்த்த குதிரைதான் நல்லது. 3 வயதுக் குட்டியும் புதிதாக ஓட்டப் பழகுகிறவரும் சேர்ந்தால், யாருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ஆண் குதிரையா, பெண்ணா? காயடித்த ஆண் கிடைத்தால் யோசிக்காதீர்கள். காயடிக்காத ஆண் குதிரை, பருவத்தில் இருக்கிற பெண் குதிரையின் வாசம் பட்டால் வண்டியை மறந்துவிடும். பெண் குதிரை நல்ல தேர்வுதான். சினையா என்று மட்டும் மருத்துவரைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரைக்குச் சினைக் காலம் சுமார் 11 மாதம். வண்டிக்கு வாங்கியதை லாயத்தில் கட்டி வைக்க வேண்டி வரும்.

அடுத்து, உடம்பைக் கையால் தடவுங்கள். கறுப்பு அல்லது செம்மண் நிறக் குதிரையில், சம்பந்தமில்லாத இடத்தில் திட்டாக வெள்ளை முடி இருக்கிறதா? பட்டை அழுத்திப் புண்ணாகி ஆறிய இடங்களில் முடி பெரும்பாலும் வெள்ளையாகத்தான் முளைக்கும். முதுகு மேட்டில், மார்பில், வயிற்றுப் பட்டை வருகிற இடத்தில் அப்படி இருந்தால், பொருந்தாத சேணத்தோடு பாடுபட்ட குதிரை அது. கடைவாயைப் பாருங்கள். தடித்து, கிழிந்து ஆறியிருந்தால், கடிவாளத்தை வெட்டி வெட்டி இழுத்திருக்கிறார்கள். அந்த வாய் மரத்துப்போயிருக்கும். நீங்கள் ‘நில்’ என்று வாரைப் பிடிக்கும்போது அதற்குத் தெரியவே தெரியாது.

காலைப் பார்க்க நின்றால் போதாது, ஓட்ட வேண்டும். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, தார் ரோட்டில் மெல்லோட்டம் ஓட்டச் சொல்லுங்கள். ஒரே சீராக டக், டக், டக் என்று கேட்க வேண்டும். தலையைக் கவனியுங்கள். முன்னங்கால் வலிக்கிற குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். குளம்பைத் தூக்கி மோந்தும் பார்க்கலாம். நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கியிருக்கிறது. நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கக் கொடுக்கிறதா என்பதே ஒரு பரீட்சை. கொடுக்காத குதிரைக்கு மாதம் ஒருமுறை, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

இனிதான் முக்கியமான இடம். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. குதிரை ஏற்கெனவே வண்டியில் பூட்டி, உடம்பு வியர்த்து நின்றால், காலையிலேயே நாலு மைல் ஓட்டி அசத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மரியாதையாகச் சொல்லிவிட்டு வேறொரு நாள் வாருங்கள். லாயத்தில் கட்டியிருக்கும்போதே பார்க்க வேண்டும். பிடிக்கப் போனால் காதைப் பின்னால் மடக்குகிறதா? சேணத்தைக் காட்டியதும் ஒதுங்குகிறதா? வண்டியின் இரண்டு நீட்டுக் கட்டைகளையும் பக்கவாட்டில் இறக்கும்போது வயிறு சிலிர்த்துக்கொள்கிறதா, காலை மாற்றாமல் நிற்கிறதா?

பூட்டுகிற ஆளையும் கவனியுங்கள். கடிவாளம் முதலில் ஏறி, கடைசியில் இறங்க வேண்டும். குதிரை வண்டியில் பூட்டியிருக்கும்போது, தண்ணி காட்டுவதற்குக்கூடத் தலையிலிருந்து அதைக் கழற்றக் கூடாது. கழற்றினால் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கும். பிடிக்க ஒன்றும் இருக்காது. கண்ணை மறைத்த பட்டை போனதும் பின்னால் நிற்கிற வண்டி முழுசாகக் கண்ணில் படும். அதுவரை சாதுவாக இருந்த குதிரைகள் தெறித்து ஓடுவது இந்த ஒரு நொடியில்தான். விற்பவரே இதைச் சர்வசாதாரணமாகக் கழற்றுகிறார் என்றால், அவர் பழக்கிய குதிரையை நம்பலாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் அவர் ஓட்டட்டும். நீங்கள் ரோட்டோரம் நின்று பாருங்கள். பிறகு அவர் பக்கத்தில் ஏறி உட்காருங்கள். அந்தக் கால ஜட்காவில் போனவர்களுக்கு ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ என்ற வார்த்தைகள் மறக்காது. “கொஞ்சம் முன்னாடி தள்ளி உட்காருங்க” என்று வண்டிக்காரர் அதட்டுவது சும்மா இல்லை. இரண்டு சக்கர வண்டியில் பாரம் பின்னால் போனால் கட்டைகள் மேலே தூக்கி, வயிற்றுப் பட்டை குதிரையை இறுக்கும். முன்னால் போனால் மொத்தக் கனமும் முதுகில் இறங்கும். வண்டி சரியில்லாமல் முரண்டு பிடிக்கிற குதிரையை ‘சண்டி’ என்று திட்டுகிறோம். குதிரை வாங்கும்போது அதற்குப் பழகிய வண்டியும் சேணமும் சேர்ந்து கிடைத்தால் விடாதீர்கள்.

வீட்டைவிட்டு வெளியே போகும் திசையில்தான் பரீட்சை. திரும்பி வரும்போது எந்தக் குதிரையும் உற்சாகமாக ஓடும், கொள்ளு காத்திருக்கிறதே! தனியாக, வேறு குதிரை துணையில்லாமல் கிளம்புகிறதா? பஸ் உரசிப் போனால் என்ன செய்கிறது? குடை விரித்தால்? பிளாஸ்டிக் பை பறந்தால்? மேளச் சத்தம் கேட்டால்? காதைத் திருப்பிப் பார்ப்பது தப்பில்லை. பார்த்துவிட்டுத் தொடர்ந்து நடக்க வேண்டும். ஓர் இறக்கத்தில் இறக்கச் சொல்லுங்கள். வண்டியின் கனத்தைப் பின்பக்கம் தாங்கி நிதானமாக வருகிறதா என்று தெரியும். நாலடி பின்னால் தள்ளச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி ஒரு டீ குடியுங்கள். நிற்கத் தெரியாத குதிரை வீட்டு வண்டிக்கு ஆகாது.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றது மலிவாகக் கிடைக்கிறது என்றால் இன்னும் ஜாக்கிரதை. பக்கத்தில் இன்னொரு வண்டி வந்தாலே அதற்குப் போட்டி தொடங்கிவிட்டதாகத்தான் தோன்றும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

இதெல்லாம் முடிந்து வாரை உங்கள் கையில் வாங்கி ஓட்டிப் பார்த்து, எல்லாம் பிடித்துப்போனாலும் அன்றைக்கே பணம் கொடுக்க வேண்டாம். நாலைந்து நாள் கழித்து, சொல்லாமல் போய் இன்னொரு முறை பாருங்கள். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைக்க முடியும். லேசான மயக்க மருந்து கொடுத்து முரட்டுக் குதிரையைப் பரமசாதுவாக்கவும் முடியும். அந்த வேஷம் நாலைந்து நாளில் கலைந்துவிடும். மறுபடியும் பார்க்க விடமாட்டேன் என்கிறவரிடம் மறுபடியும் போகாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையும் 4 பேரும்

கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய். குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளுக்கு வரும் பாக்டீரியா நோய். மனிதர்களுக்கும் தொற்றும், உயிருக்கே ஆபத்து. நோய் உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலைதான் செய்ய வேண்டும். மூக்கிலிருந்து கெட்டியான சளி, தோலில் வரிசையாகக் கட்டிகள் என்று அறிகுறிகள் இருக்கும். இல்லாமல் வெளியே நன்றாகத் தெரிகிற குதிரைகளும் உண்டு. அதனால் கால்நடை மருத்துவரிடம் சொல்லி ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, முடிவு கையில் வந்த பிறகே குதிரையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஹரியானாவின் ஹிசாரில் இருக்கிற தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனைக்குப் பெயர்பெற்றது. டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். குதிரைக்கு அந்த நோய் சுலபமாக வரும்.

சட்டமும் உண்டு. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965 விதிகளின்படி, வண்டியில் ஓட்டுபவரையும் 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளையும் தவிர்த்து 4 பேருக்கு மேல் ஏறக் கூடாது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 மணிவரை பூட்டவே கூடாது. முள் வைத்த கடிவாளத்துக்கும் தடை. பேரன் பேத்திகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தப் பட்டாளமும் ஒரே நடையில் போக முடியாது.

பாண்டியர்கள் பட்ட பாடு

வாங்குவதைவிட வைத்துக்கொள்வது பெரிய வித்தை. 13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதை எழுதியிருக்கிறார். அரபு நாட்டுப் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் வந்து இறங்குமாம். வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகுமாம். காரணம், இங்கே லாடம் அடிப்பவர் இல்லை, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை. அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த வருஷமும் வாங்குவார்கள்!

எனவே, குதிரை தேடுவதற்கு முன்னால், உங்கள் ஊருக்கு வந்துபோகிற தூரத்தில் லாடம் அடிப்பவர் இருக்கிறாரா, குதிரை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். இரண்டு பேரும் இல்லாவிட்டால் ஆசையைத் தள்ளிப்போடுவது நல்லது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீவனம் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுவலி வந்தால், சில மணி நேரத்தில் உயிர் போகலாம். மாட்டுக்கு வைக்கிற மாதிரி மிச்ச சோறும் கஞ்சியும் வைத்துவிட முடியாது. புல்லும் காய்ந்த தட்டையும்தான் சாப்பாடு. 300 கிலோ எடையுள்ள மட்டத்துக்கு ஒரு நாளைக்கு 5, 6 கிலோ காய்ந்த தீவனம் வேண்டும். கொள்ளு அதற்கு மேல், வேலைக்குத் தக்க அளவு.

இன்னொரு கணக்கும் உண்டு. குதிரை 25, 30 வருஷம் வாழும். இன்று 10 வயதில் வாங்கினால், இழுக்க முடியாத வயதில் இன்னும் பல வருஷம் உங்கள் வீட்டில் தின்றுகொண்டு நிற்கும். ஊட்டி ரோடுகளில் குதிரைகள் ஆதரவில்லாமல் திரிவது அடிக்கடி செய்தியாகிறது. அவையும் யாரோ ஆசையாக வாங்கியவைதான்.

இவ்வளவுக்கும் பிறகு மனசு மாறவில்லையா? அப்படியென்றால், வாங்குவதற்கு முன் ஒரு மாதம், தினமும் குதிரை வண்டி ஓட்டுகிற ஒருவரோடு உட்கார்ந்து பழகுங்கள். பூட்டவும் அவிழ்க்கவும் கை தானாகப் போக வேண்டும். அவரையே குதிரை பார்க்கவும் கூட்டிப்போகலாம். கொடுக்கிற கூலிக்கு நூறு மடங்கு மிச்சம்.

விலை முடிந்ததும் வயது, நிறம், அடையாளம், வண்டியில் பழகியது என்ற உறுதி, பரிசோதனை விவரம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சம்மதித்தால் நல்லது. என்ன தீவனம், எந்த நேரம், எவ்வளவு என்று கேட்டு, முதல் ஒரு வாரத்துக்கு அதையே வாங்கிப் போடுங்கள். ஒரேயடியாக மாற்றினால் வயிறு கெடும்.

கடைசியாக ஒன்று. விற்பவரை, குதிரையோடு பேசச் சொல்லி செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கிளம்ப நாக்கால் என்ன சத்தம், நிற்க என்ன சொல், பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுவார் என்று எல்லாம். வருஷக்கணக்காக அந்தக் குதிரைக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். ஒவ்வோர் ஆளுக்கும் அது மாறும். வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாள் வண்டி வேண்டாம். கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போய், தெருவையும் நாயையும் பக்கத்து வீட்டு மோட்டார் சத்தத்தையும் காட்டுங்கள். ராத்திரி அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டு, சரியாக வருகிறவரை நீங்களும் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.